காரணமும் போலிக் காரணமும்



இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டதும், இது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கான பேச்சு என்று எண்ணி வானொலியை மூடிவிடாதீர்கள். காரணம் சொல்லாமல் நம்மில் எவரும் ஒரு நாளைக் கழிப்பதில்லை. காலையில் பிரட்டுக்குப் பிந்திப் போனால் காரணம் சொல்கிறோம். குழாயடியில் சண்டை வந்தால் காரணம் சொல்கிறோம். கோயில் கூட்டத்தில் சொல்கிறோம். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் என்னிடமும் வந்து சொல்கிறீர்கள். இவற்றில் எந்தக் காரணம் முடிவை உண்மையாகவே தாங்கி நிற்கிறது, எது தாங்குவதுபோல் தோற்றம் மட்டும் காட்டுகிறது என்று பிரித்துப் பார்ப்பதே இன்றைய பாடம்.

பாடத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. ஒரு வீட்டு வாசலில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அந்த வாசலில் தவறாகப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

நான் முன்பு பணியாற்றிய தோட்டத்தில், மூன்றாம் ஆண்டில் படித்த பையன் ஒருவன் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். அம்மா உதிரிப் பழம் பொறுக்குபவர். புதன்கிழமை மாலை, பையனைப் பார்த்து வரலாம் என்று லயத்துக்குப் போனேன்.

வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பையனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டிருக்கிறது. திங்கட்கிழமை கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து, காய்ச்சல் நீடித்தால் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தார்கள். அன்று மாலை பூசாரி மந்திரித்துத் திருநீறு பூசினார். புதன்கிழமை நண்பகலில் காய்ச்சல் விட்டுவிட்டது.

எல்லார் முகத்திலும் நிம்மதி. "சாறு வேலை செஞ்சிருச்சு சார்" என்றார் அப்பா. "சாறு இல்ல மச்சான், திருநீறு" என்றார் பையனின் தாய்மாமன். சாறா திருநீறா என்பதில்தான் அவர்களுக்குள் வழக்கு. பையன் குணமாகிவிட்டான் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

பையன் பாயில் சுருண்டு கிடந்தான். பக்கத்து வீட்டில் ஓர் ஆயா இருந்தார். முன்பு ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். அவர் பையனின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "காய்ச்சல் விட்ட புள்ள கஞ்சி கேக்கணும். இவன் கண்ணே தொறக்க மாட்டேங்கிறான். கை சில்லுன்னு இருக்கு. மத்தியானத்திலேருந்து நாலு வாட்டி வாந்தி எடுத்துட்டான். வயிறு வலிக்குதுங்கிறான். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார்.

"மொதல்ல வாங்குன கடனைக் குடு ஆயா. அப்புறம் எங்களுக்குப் புத்தி சொல்லலாம்" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள். ஆயா கடன் வாங்கியது உண்மைதான். மாலை வேளையில் கொஞ்சம் குடிப்பதும் உண்மைதான்.

"ஆஸ்பத்திரியா? போன வருசம் எங்க பெரியப்பா நடந்துதான் போனாரு. பெட்டியிலதான் வந்தாரு" என்றார் இன்னொருவர்.

"ஆத்தா திருநீறு நெத்தியில இருக்கு. அவளை நம்புறியா, ஊசியை நம்புறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று தாய்மாமன் தன் தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க."

நான் உள்ளே போய்ப் பையனின் நெற்றியில் கை வைத்தேன். சூடு இல்லை. "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே. இரவு தூங்கட்டும். காலையில் பார்க்கலாம்" என்றேன். "சாரே சொல்லிட்டாரு" என்று கூட்டம் கலையத் தொடங்கியது.

அப்போதுதான் பையனின் அம்மா வாய் திறந்தார். "காய்ச்சல் விட்டுச்சு, நல்லாயிட்டான்னு எல்லாரும் சொல்றீங்க. நல்லாயிட்டான்னா, ஏன் சார் இப்படிக் கெடக்குறான்?"

என்னிடம் பதில் இல்லை. அங்கிருந்த யாரிடமும் இல்லை. இரவு எட்டு மணிக்குத் தோட்டத்து வேன் புறப்பட்டது. நானும் கூடப் போனேன்.

இரத்தம் சோதித்த டாக்டர், டிங்கிக் காய்ச்சல் என்றார். உடனே நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். பிறகு அவர் எங்களுக்கு விளக்கினார். டிங்கியில் காய்ச்சல் 2 நாள் முதல் 7 நாள் வரை இருக்கும். அது தணிகிற வேளைதான் ஆபத்தான வேளை. அதையடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், இரத்த அழுத்தம் இறங்கும், கை கால் குளிர்ந்துபோகும். ஓயாத வாந்தி, கடுமையான வயிற்று வலி, மூக்கிலோ பல் ஈறிலோ இரத்தம், எழ முடியாத சோர்வு, அமைதியின்றிப் புரளுதல் ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. நெற்றி குளிர்ந்ததை மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர்கள் பலர் என்று சொல்லிவிட்டு, "மத்தியானமே ஏன் கொண்டு வரவில்லை?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பையன் பிழைத்தான். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தான். ஆனால் அந்த இரவு ஆஸ்பத்திரி வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று எனக்கு உறைத்தது. அந்த வாசலில் பேசிய எவரும் பையனுக்குக் கேடு நினைத்தவர் அல்லர். எல்லாருக்கும் அன்பு இருந்தது, அக்கறை இருந்தது. எல்லாரும் காரணமும் சொன்னோம். அந்தக் காரணங்களில் ஒன்றுகூட நாங்கள் எடுத்த முடிவைத் தாங்கவில்லை.

நேயர்களே, காரணத்தைச் சோதித்துப் பார்க்கும் கலை நமக்குப் புதியதன்று. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் போலி வாதங்களை 13 வகையாகப் பிரித்து ஒரு நூலே எழுதினார். நம் தமிழிலும் மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பெரும்பகுதி இந்தப் பாடந்தான். காஞ்சி நகரில் அறவண அடிகள் என்ற முதியவர், மணிமேகலை என்ற இளம்பெண்ணுக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது முடிவு. புகை தெரிகிறதே என்பது அதற்குக் காரணம். அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோமே என்பது எடுத்துக்காட்டு. மூன்றும் பொருந்தினால் வாதம் நிற்கும். பொருந்தாததைப் 'போலி' என்று அந்தக் காப்பியம் சொல்கிறது. மலைமேல் தெரிவது புகையா, ஆவியா, பனியா என்று தெளியாமலே நெருப்பு உண்டு என்று துணிவதும் அங்கே சொல்லப்பட்ட ஒரு போலிதான். விடியற்காலையில் மலைச்சாரலில் பனி எழுவதை நாம் தோட்டத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அதைப் புகை என்று எண்ணித் தண்ணீர் வாளியோடு ஓடினால் எப்படி இருக்கும்?

அந்த வாசலில் நாங்கள் பனியைப் புகை என்று எண்ணிய இடங்களை இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, முன்னே நடந்ததையே காரணம் என்று முடிவு கட்டுவது. செவ்வாய்க்கிழமை சாறு கொடுத்தோம், புதன்கிழமை காய்ச்சல் விட்டது, ஆகவே சாறுதான் காய்ச்சலை விரட்டியது என்கிறோம். சேவல் கூவிய பிறகு பொழுது விடிகிறது என்பதால் சேவல்தான் சூரியனை இழுத்து வந்தது என்று யாராவது சொல்வோமா? சாறு கொடுக்காத வீட்டிலும் டிங்கிக் காய்ச்சல் அதே நாள் கணக்கில் தணிகிறது. அப்படியானால், தானாக நடந்ததா, நாம் செய்ததால் நடந்ததா என்று எப்படித் தெரியும்? 'இதைச் செய்யாத இடத்தில் என்ன நடந்தது?' என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விதான் இங்கே உரைகல்.

இந்தத் தவற்றைச் செய்தவர்கள் பாமரர் மட்டும் அல்லர். மலேரியா என்ற பெயரையே பாருங்கள். இத்தாலிய மொழியில் அதற்குக் 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நிலத்துப் பக்கம் இருப்பவர்களுக்குக் காய்ச்சல் வருகிறது, சதுப்பிலிருந்து நாற்றக் காற்று வருகிறது, ஆகவே காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். காற்றும் காய்ச்சலும் சேர்ந்து வந்தது உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் இல்லை. இரண்டும் தேங்கிய நீரிலிருந்து வந்தவை. 1897ஆம் ஆண்டு இந்தியாவில் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகே உண்மையான காரணம் வெளிப்பட்டது.

இரண்டாவது, சொல்லை விட்டுவிட்டுச் சொன்னவரைப் பிடிப்பது. ஆயா நான்கு விஷயம் சொன்னார். கை குளிர்ந்திருக்கிறது, வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, கண் திறக்கவில்லை. நான்கையும் உள்ளே போய்ப் பார்த்தால் உண்மையா பொய்யா என்று நொடியில் தெரிந்துவிடும். யாரும் பார்க்கவில்லை. அவருடைய கடனைப் பற்றிப் பேசினோம். கடன்பட்டவர் தொட்டால் குளிர்ந்த கை சூடாகிவிடுமா?

ஒன்றைக் கவனியுங்கள். ஆளைப் பற்றிப் பேசுவது எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. அதே ஆயா, "நூறு வெள்ளி குடு, அடுத்த மாசம் திருப்பித் தர்றேன்" என்று கேட்டிருந்தால், பழைய கடனைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதே. அங்கே அவருடைய சொல்லை நம்பலாமா என்பதுதான் கேள்வி. இங்கே பையனின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. கோயில் கூட்டத்திலும் இதைப் பார்க்கிறோம். "திருவிழாக் கணக்கை வாசியுங்கள்" என்று ஒருவர் எழுந்து கேட்டால், "நீ எத்தனை நாள் கோயிலுக்கு வந்தாய்?" என்று பதில் வருகிறது. கேட்டவர் கோயிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு கணக்குத்தானே? யார் வாய்க் கேட்டாலும் சொல்லின் உண்மையைப் பார் என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் சொல்லியிருப்பதை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அன்று வாசலில் நின்ற எனக்கும் அது மனப்பாடந்தான்.

மூன்றாவது, ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் அப்படித்தான் என்பது. பெரியப்பா ஆஸ்பத்திரியில் இறந்தது உண்மை. அந்தத் துயரத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தவர்களை அந்த வாசலில் எண்ணிப் பார்த்தோமா? அதே லயத்தில் பிரசவத்துக்குப் போய்ப் பிள்ளையோடு திரும்பிய தாய்மார்கள் எத்தனை பேர்! நல்லபடி திரும்பி வந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திரும்பாதவரைப் பற்றித்தான் பத்து வருடம் பேசுகிறோம். அதனால் நினைவில் நிற்பது ஒரு பக்கக் கணக்கு மட்டுமே. இன்னொன்றும் உண்டு. நோய் முற்றிய பிறகே தூக்கிக்கொண்டு போகிறோம். அப்படிப் போனவர் இறந்தால், தாமதத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியைக் குற்றம் சொல்கிறோம்.

இந்தப் போலிக்கு நம் நாட்டுத் தோட்டங்களின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கிள்ளான் பகுதியில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் இருந்தார். 1901இல் கிள்ளானிலும், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய துறைமுகத்திலும் மலேரியா மக்களை வாட்டியது. காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடியச் செய்தார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா போகும் என்ற முடிவு அந்தச் சமவெளியில் சரியாக இருந்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை. கூடியது! நம் பாட்டன் பூட்டன் பலரைப் பலிகொண்ட காய்ச்சல் அது.

ஏன் கூடியது? சமவெளிச் சதுப்பில் இருந்த கொசு, நிழல் படிந்த நீரில் முட்டையிடும் இனம். நிழலை நீக்கி நீரை வடித்ததும் அது ஒழிந்தது. மலையில் இருந்ததோ, வெயில் படும் தெளிந்த நீரோடையில் முட்டையிடும் வேறோர் இனம். மரத்தை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதும் அது பெருகியது. வாட்சன் தம் முதல் வெற்றியையே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மலையில் ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டு ஆராய்ந்தார். அதன் பிறகு அங்கே நிலத்துக்கடியில் குழாய் பதித்து நீரை வடித்தார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். ஓரிடத்தில் சரியாக இருந்தது எல்லா இடத்திலும் சரியாக இருக்கும் என்பதற்கில்லை. மருத்துவர்களுக்கே இதைக் கற்றுக் கொடுத்தது நம் தோட்டத்து மண்.

நம் வீட்டிலும் இதே கதைதான். "அவர் மகன் படித்தான், வேலை கிடைக்கவில்லை, ஆகவே படிப்பால் பயனில்லை" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் இரண்டு கணக்குக் கேளுங்கள். படித்து வேலை கிடைத்தவர் எத்தனை பேர்? படிக்காமல் நல்ல வேலை கிடைத்தவர் எத்தனை பேர்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பேசலாம்.

நான்காவது, இரண்டே வழிதான் என்று கதவை அடைப்பது. "ஆத்தாளை நம்புறியா, ஊசியை நம்புறியா?" என்று தாய்மாமன் கேட்டார். அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? நெற்றித் திருநீற்றை அழிக்காமலே பிள்ளையை வேனில் ஏற்றினார். நீர் ஏற்றிய நர்ஸ் திருநீற்றைத் துடைக்கச் சொல்லவில்லை. திருநீறு நெற்றியிலும் ஊசி கையிலும் இருந்தன. ஒன்றோடு ஒன்று சண்டை போடவில்லை. சண்டையை மூட்டியது கேள்விதான். "பெண் பிள்ளையைப் படிக்க வைப்பதா, காலாகாலத்தில் கட்டிக் கொடுப்பதா?" என்று கேட்பவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். படிக்க வைத்துவிட்டுக் கட்டிக் கொடுக்கலாமே! யாராவது உங்கள் முன்னால் இரண்டு வழியை மட்டும் நீட்டினால், 'மூன்றாவது வழி உண்டா? இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா?' என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பெரிய மனிதர் சொன்னார், பலர் சொன்னார்கள் என்பது. இங்கே குற்றவாளி நான். என்னைப் படித்தவன் என்றார்கள். உண்மைதான். கணக்கும் தமிழும் கற்பிக்கப் பயிற்சிக் கல்லூரியில் படித்தேன். டிங்கிக் காய்ச்சலைப் பற்றி எங்கே படித்தேன்? ஒரு துறையில் தேர்ந்தவரின் சொல்லுக்கு மதிப்பு அந்தத் துறையில்தான். ஐந்தாம் வாய்பாட்டில் ஐயம் என்றால் என்னிடம் வாருங்கள். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போங்கள். "எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் போவோம்" என்று நான் அன்று சொல்லியிருக்க வேண்டும். மரியாதை குறைந்துவிடும் என்று என் மனம் கூசியது. அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்க இருந்த விலை ஒரு பிள்ளையின் உயிர்.

பலர் சொல்வதும் அப்படியே. சிறிது பணம் போட்டால் மாதாமாதம் பெருந்தொகை தருவதாக ஆசை காட்டும் திட்டங்கள் அவ்வப்போது லயங்களுக்கு வருகின்றன. "எல்லாரும் போட்டிருக்காங்க, நீ மட்டும் ஏன் யோசிக்கிற?" என்பார்கள். முதல் மாதங்களில் பணமும் வரும். அது எங்கிருந்து வருகிறது? பின்னால் சேர்ந்தவர் போட்ட பணத்தையே முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுப்பார்கள். புதிதாகச் சேர ஆள் இல்லாத நாளில் எல்லாம் நின்றுவிடும். எத்தனை பேர் போட்டார்கள் என்பது, எத்தனை பேர் நம்பினார்கள் என்பதைத்தான் காட்டும். பணம் எந்த வியாபாரத்தில் பெருகுகிறது என்பதைக் காட்டாது. கேட்க வேண்டிய கேள்வி பின்னதுதான்.

ஐந்து போலிகளைச் சொன்னேன். இவற்றைத் தெரிந்துகொண்டதும் நமக்கு ஓர் ஆசை வரும். வீட்டில் யார் வாய் திறந்தாலும், "இது முதல் போலி, அது மூன்றாவது போலி" என்று மடக்கத் தோன்றும். பிள்ளைகளுக்கு இந்த ஆசை இன்னும் அதிகமாக வரும். அதற்கு இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும்.

ஒன்று, காரணம் போலியாக இருந்தாலே முடிவும் பொய் என்று ஆகாது. பப்பாளி இலைச் சாற்றைப் பற்றித் தாத்தா சொன்ன காரணம் நிற்கவில்லை என்றால், அந்தக் காரணத்தால் எதுவும் நிலைநாட்டப்படவில்லை என்றுதான் பொருள். சாறு நல்லதா கெட்டதா என்பதை வேறு வழியில் சோதித்துத்தான் அறிய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடித்ததால் நம் பக்கம் உண்மை வந்துவிடாது. நம் வாதத்திலும் ஓட்டை இருக்கலாம்.

இரண்டு, எதிரே இருப்பவர் பயத்தில் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. பெரியப்பாவைப் பறிகொடுத்தவர் ஆஸ்பத்திரி என்றால் நடுங்குகிறார். அவரைப் பார்த்து, "உன் காரணம் தப்பு" என்று சொன்னால் இன்னும் இறுகிப்போவார். "நானும் கூட வருகிறேன், போய்ப் பார்ப்போம்" என்றால் எழுந்து வருவார். அந்த இரவு பையனின் அம்மா யாரையும் மடக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். எங்கள் எல்லாருடைய முடிவையும் எடுத்து, பாயில் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முடிவு பிள்ளையோடு பொருந்தவில்லை. அவ்வளவுதான். தருக்கம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொன்ன பாடத்தின் சாரம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

ஆகவே நேயர்களே, முக்கியமான முடிவு எடுக்கும் வேளையில் மூன்று கேள்விகளை மட்டும் நினைவில் வையுங்கள். சொல்லப்பட்டது நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா? அந்தக் காரணத்திலிருந்து இந்த முடிவுதான் வர வேண்டுமா, வேறு முடிவும் வரலாமா? நாம் நினைத்தது தவறாக இருந்தால், அதை எந்த அடையாளம் காட்டிக் கொடுக்கும்? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் நாம் கேட்பதே இல்லை. அந்த அடையாளம் அன்று பாயில் கிடந்தது. ஆயா அதைச் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

இந்தக் கேள்விகளை முதலில் பிறர் பேச்சில் தேடாதீர்கள், நம் பேச்சில் தேடுவோம். இன்று இரவு சாப்பிடும்போது, இன்றைக்கு நீங்கள் சொன்ன ஒரு காரணத்தை எடுத்துப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அது நிற்கிறதா என்று அவர்களையே சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தவறு கண்டுபிடித்தால் கோபப்படாமல் சிரியுங்கள். பெரியவர் முன்னால் கேள்வி கேட்கத் துணிந்த பிள்ளை, நாளைக்கு ஒரு வாசலில் பத்துப் பேர் தவறாகப் பேசும்போது வாய் திறக்கும்.

அந்தப் பையன் பிறகு என் வகுப்பிலேயே ஆறாம் ஆண்டு வரை படித்தான். வாய் ஓயாதவன். நான் எதைச் சொன்னாலும், "ஏன் சார்?" என்று கேட்பான். சில நாள் எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவனை ஒரு நாளும் நான் உட்காரச் சொன்னதில்லை.